கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தவர்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஆறு. தாயில்லாமல் போன என் அண்ணன் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆறில் ஒன்றும் சோடை போகவில்லை. நான் இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஸ் போர்டை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அதற்கு மேல் வராது. அதனால் இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். ஐந்தாம் வகுப்பு. நான் பேசுகிற மாதிரியே எழுதினால் அவளுக்குக் கௌரவக் குறைச்சலாம், புத்தகத்தில் வருகிற மாதிரிதான் எழுதுவாளாம். எழுதட்டும். விஷயம் மாறாமல் இருந்தால் சரி.

இது நடந்தது போன வருஷம் மாசி, பங்குனியில். கம்பத்துக்கும் சுருளிப்பட்டிக்கும் நடுவில் இருக்கிற எங்கள் திராட்சைத் தோட்டத்தில்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு, தோட்டத்தைப் பார்க்க ஆளில்லை என்று என் கடைசி மகன் பெங்களூர் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு இங்கே வந்தான். மருமகள் மட்டும் வேலையை விடவில்லை. மாடி அறையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு இங்கிருந்தே அந்த வேலையைப் பார்த்தாள். என்ன வேலை என்றால், போனில் விளையாடுகிற விளையாட்டைச் செய்கிற வேலை. தெருவில் கேட்டால் நான் கம்ப்யூட்டர் வேலை என்பேன். விளையாட்டுச் செய்கிறாள் என்றால் சின்னப் பிள்ளைக்குச் சொப்புச் சாமான் செய்கிறாளா என்று கேட்பார்கள்.

அவள் மெட்ராஸ்காரி. கெட்டிக்காரி, அதில் குறை சொல்ல மாட்டேன். ஒன்றே ஒன்றுதான் என் காதில் குத்தும். என் மகனை அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடுவாள். மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி. எங்கள் தெருவில் அப்படிக் கூப்பிட்ட முதல் மருமகள் அவள்தான். நான் ஒன்றும் சொன்னதில்லை. அவள் புருஷன், அவள் வாய்.

அந்த மாசியில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவளிடம் என்னவென்று கேட்டேன். அப்போதுதான் சொன்னாள். அவளுடைய கம்பெனி, எழுத்துப் படிக்கத் தெரியாத பெண்கள் விளையாடுகிற மாதிரி ஒரு விளையாட்டைச் செய்யச் சொல்லியிருக்கிறது. நீ அந்த ஊரிலேயே இருக்கிறாய், அந்தப் பெண்களைப் பார்த்துச் செய் என்றுதான் இங்கிருந்து வேலை பார்க்க விட்டார்களாம். பங்குனியில் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, பெண்கள் விளையாடுகிறார்களா என்று நேரில் பார்ப்பார்கள். விளையாடினால் அவள் இங்கேயே இருக்கலாம். இல்லையென்றால் அந்த வேலையை மூடிவிடுவார்கள், அவள் பெங்களூர் ஆபீசுக்கே திரும்ப வேண்டும்.

நீ போனால் பிள்ளை எங்கே இருப்பாள் என்று கேட்டேன். பிள்ளையும் என்னோடுதான் அத்தை என்றாள். என் மகன் தலையைக் குனிந்துகொண்டு, அப்படியென்றால் தோட்டத்தைக் குத்தகைக்கு விட வேண்டியதுதான் என்றான். மூன்று பேரும் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டோம். இதை எழுதிக்கொண்டிருக்கிறவள்தான் அன்றைக்கு எதுவும் தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த விளையாட்டை மருமகள் முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டம் மாதிரியே ஒரு திராட்சைப் பந்தல், குலை குலையாகக் கறுத்துத் தொங்குகிற பன்னீர் திராட்சை, பின்னால் மலை. தலையில் துண்டு கட்டிய ஒரு மனிதர் பந்தலுக்குள் நிற்கிறார். குருவி வரும், வௌவால் வரும், தண்ணீர்க் குழாய் உடையும், மழை திரண்டு வரும். அந்த மனிதரிடம் வாயால் சொல்லிச் சொல்லிப் பழத்தைக் காப்பாற்ற வேண்டும். எழுத்தே கிடையாது. பேசினால் போதும். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேரைக் கேட்டால்தான் தன்னிடம் பேசுகிறார்கள் என்று போனுக்குத் தெரியுமாம். கூப்பிட்டதும் அவர் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் ஓடு, குனி, வெட்டு என்று ஏவலாம்.

பேர் என்ன என்று கேட்டேன். சொன்னாள்.

என் வீட்டுக்காரர் பேர்.

எங்கள் பள்ளத்தாக்கில் அது அரிய பேர் இல்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கத்தினால் பத்துப் பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். ஆனாலும் பேர் பேர்தான். போனை என் வாய்க்குப் பக்கத்தில் நீட்டி, "சும்மா கூப்பிடுங்க அத்தை. தப்பாச் சொன்னாலும் ஒண்ணும் ஆகாது" என்கிறாள். எனக்கு மேலெல்லாம் எரிந்தது. செத்துப்போன மனிதரைப் போனுக்குள் நிறுத்தி, குனி, குதி என்று ஏவுவதா? அதுவும் நான்? அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன்.

அடுப்பில் பால் இல்லை என்பது அவளுக்கும் தெரிந்திருக்கும்.

மறுநாள் குலை வெட்ட வந்த பெண்களிடம் கொண்டுபோனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லாரும் பந்தலுக்குள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். போன் ஒவ்வொரு கையாகச் சுற்றிவந்தது. வாங்கிய ஒவ்வொருத்தியும் படத்தைப் பார்த்துச் சிரிப்பாள், திராட்சை நிசம் மாதிரியே இருக்கிறது என்பாள், பேரைச் சொல் என்றதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவளிடம் தள்ளிவிடுவாள். ஒருத்திக்கு அது மாமனார் பேர். இன்னொருத்திக்குப் புருஷனுக்கே அந்தப் பேர். பேர் சம்பந்தமில்லாதவர்களும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, எனக்கு எதிரே அந்தப் பேரை ஏவக் கூசி, கையெல்லாம் பிசுபிசு என்று இருக்கிறது தாயி என்று சொல்லி நழுவினார்கள்.

ஏன் யாரும் காரணத்தைச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். இது தெரியாத ஒருத்தி இருப்பாள் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. சாணி மிதித்தால் கால் கழுவ வேண்டும் என்று யாராவது யாருக்காவது சொல்லிக் கொடுப்பார்களா? தெரிந்தேதான் செய்கிறாள், படித்தவள், தன் புருஷனையே பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், இவளுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டில்லை என்று நினைத்தோம். என் ஓரகத்தி, அதாவது என் கொழுந்தனார் சம்சாரம், வீட்டுக்குத் திரும்புகிற வழியில் என் காதில், "பெத்த மகனே அப்பன் பேரச் சொல்லக் கூசுவான், இவ என்னக்கா பொம்மைக்கு வச்சிருக்கா" என்றாள். வீட்டு விஷயத்தை வீதியில் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை, ஓரகத்தியாக இருந்தாலும்.

மருமகள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டாள். இவர்களுக்குப் போனைக் கண்டால் பயம் என்று நினைத்து, ஒரு குரல் வந்து பயப்படாதீர்கள் என்று சொல்கிற மாதிரி வைத்தாள். காது மந்தம் என்று நினைத்து அந்தக் குரலை மெதுவாக, இழுத்து இழுத்துப் பேச வைத்தாள். வயதானவர்கள் என்று கோயில் மணிச் சத்தம் சேர்த்தாள். பெண்கள் மணிச் சத்தத்தைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், பேரை மட்டும் சொல்லவில்லை. எனக்கா போனைக் கண்டு பயம்? தேவதானப்பட்டியில் இருக்கிற என் தங்கச்சிக்குத் தினமும் பேசிப் பேசி அனுப்புகிறவள் நான். சீரியல் பார்க்கிறேன். யாரோ பொங்கலுக்கு அனுப்பிய பூப்படத்தை அறுபது பேருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

கடைசியில் என் மருமகள் கண்டுபிடித்தது, அத்தைக்குக் கண் சரியில்லை என்று. திரையில் இருக்கிறது தெரியவில்லை, வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருக்கிறார்கள் என்று அவளாகவே முடிவு செய்து, ஒரு வியாழக்கிழமை என்னைத் தேனிக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எனக்குக் கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் தேனிக்குப் போய் நாளாகிவிட்டது என்று நானும் கிளம்பினேன்.

அங்கே நல்ல கூட்டம். மருமகள் தண்ணீர் பாட்டில் வாங்க வெளியே போயிருந்தாள். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளை என் பேரைக் கேட்டாள், சொன்னேன். வயது கேட்டாள், சொன்னேன். வீட்டுக்காரர் பேர் கேட்டாள். நான் பக்கத்தில் பார்த்தேன். வழக்கமாக யாராவது இருப்பார்கள். கணக்கெடுக்க வந்தாலும், ரேஷன் கடையிலும், ஓட்டுப் போடுகிற இடத்திலும் பக்கத்தில் நிற்கிறவளை முழங்கையால் இடித்தால் அவள் சொல்லிவிடுவாள். அங்கே தெரிந்த முகமே இல்லை. என் மருமகள் வரட்டும் என்றேன். அந்தப் பெண் மறுபடி கேட்டாள். மருமகள் வரட்டும் என்று மறுபடி சொன்னேன். பின்னால் வரிசையில் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

மருமகள் பாட்டிலோடு வந்ததும் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரியே, "பாட்டிக்கு ஞாபக மறதி இருக்கா மேடம்? வீட்டுக்காரர் பேரே சொல்லத் தெரியல" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற ஒரு கிழவி முந்திக்கொண்டாள். தேவாரம் ஊர்ப் பக்கத்து ஆள், பாம்படக் காது. "மறதியுமில்ல மண்ணுமில்ல. புருசன் பேர எந்தப் பொம்பளையாச்சும் வாயால சொல்லுவாளா? அந்தப் புள்ளைய சொல்லச் சொல்லி எழுதிக்கிட்டு ஆள விடு தாயி. நாங்க பஸ்ஸுக்குப் போகணும்" என்றாள்.

மருமகள் பேரைச் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அப்புறம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தை, அப்போ என் கேம்ல..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன். அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று கையை எடுத்துப் பார்த்தால், சிரிக்கிறாள். கண்ணில் தண்ணீரும் வருகிறது.

டாக்டர் என் கண்ணைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இப்படிக் கண் இருப்பது பெரிய விஷயம் என்றார். ஊசியில் நூல் நான்தான் கோக்கிறேன் என்று சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கொரு டம்ளர் கரும்புச்சாறு குடித்தோம். அப்போது கேட்டேன், உலகத்தில் வேறு பேரே கிடைக்கவில்லையா என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"மாமா ஒவ்வொரு தடவை போன்ல பேசுறப்பவும், இன்னைக்கு என்னம்மா வெளையாட்டு செஞ்சன்னு கேட்பாங்க. வேற யாரும் கேட்டதில்ல அத்தை. அதான், மாமா பேரு எல்லாரு வாயிலயும் இருக்கட்டும்னு வச்சேன்."

அவமானப்படுத்துகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அவள் செய்த மரியாதை. ஆனாலும் விட்டுக்கொடுக்கிற ஆள் நான் இல்லை.

"அவுக பேரு கெட்டுப்போகாம இருக்கணும்னுதான் தாயி, நான் அம்பது வருசமா வாயில போடாம வச்சிருக்கேன்" என்றேன்.

அப்போ எப்படித்தான் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாள். இந்தாருங்க என்பேன், திரும்பிப் பார்ப்பார் என்றேன். கரும்புச்சாறு டம்ளரைக் கையில் வைத்தபடி அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

மறுநாள் பந்தலுக்குள் போனைக் கொண்டுவராமல் வந்தாள். பெண்களோடு பெண்ணாகத் தரையில் உட்கார்ந்து, உங்கள் வீட்டுக்காரரை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள். ஐயோ, அன்றைக்கு அந்தப் பந்தல் பட்ட பாடு. ஒருத்தி ஏங்க என்பாளாம். ஒருத்தி மாமா. ஒருத்தி மூத்த பிள்ளை பேரைச் சொல்லி அவன் அப்பா. ஒருத்தி வெறுமனே யோவ். அந்தத் தையில்தான் கல்யாணமான சின்னப் பெண் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. கிள்ளிக் கேட்டதில், ஆள் இருக்கும்போது மச்சான், ஆள் இல்லாதபோது டேய் என்றாள். என் ஓரகத்தி, நான் கூப்பிட்டதே இல்லை என்றாள். அது நிசம். கூட்டுக் குடும்பத்தில் வந்து விழுந்தவள், மாமனார் மாமியார் எதிரில் புருஷனிடம் பேச முடியாது. ஒரு செருமல் செருமுவாள். அந்தச் செருமலுக்கு என் கொழுந்தனார் எங்கிருந்தாலும் வந்துவிடுவார்.

மருமகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மாடி ஏறியவள் பல நாள் சாப்பாட்டுக்கு மட்டும்தான் இறங்கினாள். ஒரு தடவை சமையலறைக்கு வந்து, குனி என்று சொல்வீர்களா, குனியுங்க என்று சொல்வீர்களா என்று கேட்டாள். இதென்ன கேள்வி என்று நான் முறைத்ததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கம்பெனி ஆட்கள் வந்தார்கள். ஒரு ஆண், ஒரு பெண். அந்தப் பெண்ணுக்கு இந்தியும் இங்கிலீஷும்தான். அந்த ஆள் மலையாளத்துக்காரர், தமிழும் கொஞ்சம் பேசினார். பெண்களை எல்லாம் பந்தலுக்குள் உட்காரவைத்து, ஒரு பெரிய போனை முன்னால் வைத்தார்கள். மருமகள் விளக்கினாள். இப்போது அந்த மனிதருக்குப் பேரே கிடையாது. நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படி ஒரு தடவை கூப்பிட்டுக் காட்டினால் போன் அதை மனதில் வைத்துக்கொள்ளும், அதற்கப்புறம் அந்தக் கூப்பாட்டுக்குத்தான் அவர் திரும்புவார்.

ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அப்படிச் சிரித்தவர்கள், இன்றைக்கு வெளியாள் முன்னால் கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். அந்நிய ஆம்பளை எதிரில் புருஷனைக் கூப்பிடுகிற மாதிரி எப்படிக் கூப்பிடுவது? சின்னப் பெண் மண்ணில் கோடு கிழித்தாள். என் ஓரகத்தி தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள். நேரம் போனது. மருமகளுடைய முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. பந்தலுக்கு வெளியே நின்ற என் மகன் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போது அந்த மலையாளத்துக்காரர் மருமகள் பக்கம் சாய்ந்து, அவளுக்குக் கொஞ்சம் புரியும் என்று நினைத்தாரோ என்னவோ, மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார். இந்த அம்மாமார்கள் பேச மாட்டார்கள், இது இவர்களுக்கு ஆகாது, வீணாகச் சிரமப்பட வேண்டாம் என்று.

பாவம், எங்களுக்கு மலையாளம் தெரியாது என்று நினைத்துவிட்டார். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மலை ஏறி மலையாளத்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள். நான் குமுளிச் சந்தையில் திராட்சைக் கூடை வைத்து விற்றவள். என் மருமகளுக்குத்தான் அவர் சொன்னது புரியவில்லை. மற்ற எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

ஆகாதா? எனக்கா?

போனை எடுத்தேன். அந்த மனிதர் தலையில் துண்டோடு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தவள் ஒரு கணம் நின்றுவிட்டேன். அவர் போனதிலிருந்து நான் அந்தக் கூப்பாட்டைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட ஆள் இல்லையே. மருமகளிடம்கூட அது எது என்று சொன்னேனே தவிர, கூப்பிட்டுக் காட்டவில்லை. அப்புறம் கூப்பிட்டேன். வாய்க்குள் முணங்கவில்லை. இந்தப் பந்தலின் இந்தக் கடைசியில் நின்று, அந்தக் கடைசியில் கிணற்றடியில் நிற்கிறவரைக் கூப்பிடுவேனே, அந்தக் குரலில் கூப்பிட்டேன்.

"இந்தாருங்க..."

திரும்பிப் பார்த்தார்.

பொம்மைதான். படம்தான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் துண்டைச் சரிசெய்துகொண்டு அவர் திரும்பின விதத்தில் என் நெஞ்சு ஒரு தடவை நின்று மறுபடி ஓடியது. அதற்குள் ஒரு குருவிக் கூட்டம் பழத்தில் இறங்கிவிட்டது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை. குருவியை விரட்டுங்க என்றேன், ஓடினார். குழாயை அடைங்க என்றேன், அடைத்தார். மழை வருது, பழுத்த குலையை முதலில் வெட்டுங்க என்றேன், வெட்டினார். நான் சொல்லச் சொல்ல அவர் ஓடுகிறார். ஒரு குலை சேதமில்லை. கடைசியில் மேளச் சத்தம் கேட்டு, மேலிருந்து பூவாகக் கொட்டியது.

பின்னாலிருந்து என் ஓரகத்தியின் குரல். "உசுரோட இருந்தப்ப ஒரு நாளாச்சும் மச்சான் இப்புடிச் சொன்ன பேச்சக் கேட்டாகளா அக்கா?"

அவ்வளவுதான். பந்தல் குலுங்கிப்போனது. குடு குடு என்று ஆளாளுக்குக் கையை நீட்டினார்கள். ஏங்க என்கிறாள் ஒருத்தி, மாமா என்கிறாள் ஒருத்தி, சின்னப் பெண் எழுந்து நின்றுகொண்டு டேய் என்றே கூப்பிட்டுவிட்டாள். கூப்பிட்டவளை எல்லாம் அவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நிசத்தில் ஒரு சொல்லுக்கு அசையாத ஆம்பளையை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள் நாங்கள். இங்கே ஒருத்தர் கூப்பிட்டதும் திரும்புகிறார், சொன்னதும் ஓடுகிறார். விடுவார்களா?

கடைசியாக என் ஓரகத்தியிடம் போன் வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கழுத்தைத் திருப்பி, அந்தச் செருமலைச் செருமினாள். போனில் இருந்தவர் திரும்பினார். அதே நேரத்தில் மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கொழுந்தனாரும் எழுந்து, "என்னா?" என்று கேட்டுக்கொண்டே இந்தப் பக்கம் நடந்து வந்தார்.

கம்பெனிக்காரப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. அவளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். மலையாளத்துக்காரர் போனைத் திரும்பக் கேட்டுப் பார்த்தார். தரவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, வெட்டுக்கு எழுந்திருங்கள் என்று என் மகன் கூப்பிட்டுப் பார்த்தான். எழவில்லை. நான் மலையாளத்துக்காரரிடம் அவர் பாஷையிலேயே, இனி இவர்கள் நிறுத்த மாட்டார்கள், வீணாகச் சிரமப்பட வேண்டாம் என்றேன். அவர் முகம் சிவந்து, அப்புறம் கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான். போகும்போது ஒரு பெட்டித் திராட்சை கொடுத்து அனுப்பினோம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில் மருமகள் மாடியிலிருந்து என் மகன் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டே படியில் ஓடிவந்தாள். கம்பெனி சரி என்று சொல்லிவிட்டது, இங்கிருந்தே வேலையைப் பார்க்கலாம், பிள்ளை இங்கேயே படிக்கலாம். தெருவெல்லாம் கேட்க அவள் அந்தப் பேரைச் சொன்னது அன்றைக்கு என் காதில் குத்தவில்லை. நல்ல பேர்தான். நான் வைத்த பேர்தானே.

இப்போது அந்த விளையாட்டு வெளியே வந்துவிட்டது. தேவதானப்பட்டித் தங்கச்சி சமையலை மறந்து விளையாடுகிறாள் என்று அவள் மகன் குறை சொல்கிறான். என் ஓரகத்தி வெறும் செருமலை வைத்துக்கொண்டு என்னைவிட அதிகக் குலை வெட்டிவிட்டாள். அது ஏதோ போனில் கோளாறு என்று நினைக்கிறேன். போன மாதம் தேவாரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது, முன் சீட்டில் ஒருத்தி மடியில் போனை வைத்துக்கொண்டு ஏங்க, ஏங்க என்று அதட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் புருஷன், என்னடி என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் எட்டி அவள் தோளைத் தட்டி, இது எங்கள் வீட்டு மாடியில் செய்தது என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. இறங்குகிறவரை நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

யாருக்காக ஒன்றைச் செய்கிறோமோ, அவர்கள் வாயில் எது வரும், எது வராது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள் என் மருமகள். அதைக் கேட்காமல் இருந்திருந்தால் இந்த வீட்டில் இன்றைக்கு நான் மட்டும்தான் இருந்திருப்பேன். மத்தியானம் வேலை இல்லாத நேரத்தில் நான் பந்தலில் உட்கார்ந்து போனை எடுத்துக் கூப்பிடுகிறேன். இன்றைக்கும் ஒரே கூப்பாட்டில் திரும்பிப் பார்க்கிறார்.

ஆத்தா, எழுதுனது போதும். மொதல்ல இருந்து ஒருக்கா வாசி. எங்கயாச்சும் உங்க தாத்தா பேரு விழுந்துருச்சான்னு பாப்போம்.